ஈஸ்ட்ரோஜனும் ரத்தக்கட்டும்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருத்தடை மாத்திரை, மாதவிடாய் நின்றபின் எடுக்கும் ஹார்மோன், கோயில் விசேஷத்துக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை, திருநங்கைகள் எடுக்கும் ஹார்மோன். இந்த நான்கையும் பற்றி மருந்துக் கடையில் வந்து கேட்பவர்கள் கடைசியில் ஒரே பயத்தில் வந்து நிற்கிறார்கள்: ரத்தம் கட்டிக்கொள்ளுமா? நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. மருந்து எப்படி வேலை செய்கிறது, ரத்தக்கட்டைக் குறைக்க இத்தனை ஆண்டுகளாக என்னென்ன செய்து பார்த்திருக்கிறார்கள் என்பதை இங்கே சொல்கிறேன். உங்களுக்கு எது சரி என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல முடியும்.

ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் ரத்தம் கட்டும் என்பது உண்மையா?

உண்மைதான். ஆனால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனில் பல வகை உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் உண்மை இல்லை. எந்த வகை ஈஸ்ட்ரோஜன், அது வாய் வழியாகப் போகிறதா தோல் வழியாகப் போகிறதா, கூட எந்த ஹார்மோன் சேர்ந்திருக்கிறது, எடுப்பவரின் வயது, எடை, குடும்ப வரலாறு என்ன என்பதைப் பொறுத்து ஆபத்து பல மடங்கு மாறும். "ஹார்மோன் மாத்திரையே ஆகாது" என்று சொல்வதும் தப்பு, "எல்லோரும்தான் சாப்பிடுகிறார்கள்" என்று சொல்வதும் தப்பு.

மாத்திரைக்கும் காலில் ரத்தம் கட்டுவதற்கும் என்ன சம்பந்தம்?

நடுவில் இருப்பது கல்லீரல். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் பெரும்பாலானவற்றையும், அளவுக்கு மீறி உறையாமல் தடுக்கும் புரதங்களையும் தயாரிப்பது அதுதான். வாயில் போட்ட மாத்திரை குடலில் உறிஞ்சப்பட்டு நேராகக் கல்லீரலுக்குத்தான் முதலில் போகும். உடம்பின் மற்ற பகுதிகளுக்குப் போய்ச் சேரும் அளவைவிடப் பல மடங்கு ஈஸ்ட்ரோஜன் அங்கே ஒரே நேரத்தில் இறங்குகிறது. கல்லீரல் உடனே உறைய வைக்கும் பக்கத்தைக் கூட்டிவிடுகிறது. ஃபைப்ரினோஜன், 7-ஆம் காரணி, 10-ஆம் காரணி போன்றவை ஏறும். தடுப்புப் பக்கத்தில் ஆன்டித்ரோம்பின், புரோட்டீன் எஸ் இரண்டும் இறங்கும். புரோட்டீன் சி என்று ஒன்று இருக்கிறது, உறைதலுக்கு பிரேக் போடுவது. அதன் பேச்சையும் ரத்தம் சரியாகக் கேட்காமல் போகும்.

இப்படி உறையத் தயாராக இருக்கும் ரத்தம், ஓட்டம் மெதுவாக இருக்கும் இடத்தில் கட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் கெண்டைக்காலின் ஆழ்சிரைகளில். அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அரிதாக மூளையின் சிரைகளிலும் கட்டும்.

இந்தக் கல்லீரல் விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு அப்புறம் சொல்லப்போகும் கண்டுபிடிப்புகள் பெரும்பாலும், கல்லீரலைச் சீண்டாமல் ஈஸ்ட்ரோஜனை எப்படிக் கொடுப்பது என்ற ஒரே தேடலில் வந்தவைதான்.

எண்ணிக்கையில் சொல்லுங்கள், எத்தனை பேருக்கு வரும்?

ஐரோப்பிய மருந்து முகமை கொடுத்திருக்கும் கணக்கு இது. கர்ப்பமில்லாத, மாத்திரையும் எடுக்காத 10,000 பெண்களில் ஒரு வருடத்தில் சுமார் 2 பேருக்கு ரத்தக்கட்டு வரும். ஈஸ்ட்ரோஜனோடு லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற இன்னொரு ஹார்மோன் சேர்ந்த கருத்தடை மாத்திரை எடுப்பவர்களில் 5 முதல் 7 பேர். டெசோஜெஸ்ட்ரெல், ஜெஸ்டோடீன், டிராஸ்பைரினோன் சேர்ந்த மாத்திரைகளில் 9 முதல் 12 பேர். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய 6 வாரங்களிலும் வரும் ஆபத்து இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. மாத்திரைக்குப் பயந்து நிறுத்திவிட்டு, வேண்டாத கர்ப்பத்தில் மாட்டிக்கொள்ளும் பெண்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று இருக்கும்.

அந்த 9, 12 எல்லாம் சராசரி. ஆரம்பித்த முதல் சில மாதங்களில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும், பிறகு படிப்படியாக இறங்கும்.

வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். லீவில் வரும்போது மட்டும் மாத்திரை எடுத்தால் போதுமா?

நம் பக்கத்தில் நிறையப் பேர் செய்வது இது. காரணமும் புரிகிறது, அவர் இல்லாதபோது எதற்கு மாத்திரை என்று. ஆனால் நான்கு வாரமோ அதற்கு மேலோ விட்டுவிட்டு மறுபடி தொடங்கினால், அந்த முதல் சில மாதங்களின் கூடுதல் ஆபத்து மறுபடி முதலில் இருந்து வருகிறது. வருடத்துக்கு இரண்டு தடவை லீவு என்றால் இரண்டு தடவையும். இப்படி விட்டு விட்டு எடுப்பதைவிட, காப்பர் டி போன்ற ஹார்மோனே இல்லாத வழி உங்களுக்குப் பொருந்தும். இல்லை என்றால் ஆணுறை.

இந்த ஆபத்து எப்போது தெரிய வந்தது?

முதல் கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்காவில் 1960-இல் அனுமதி கிடைத்தது. அதில் மெஸ்ட்ரனால் என்ற ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்றைய மாத்திரைகளில் இருப்பது 20, 30, 35 மைக்ரோகிராம். அந்த நாளில் பெண்கள் எவ்வளவு விழுங்கினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அடுத்த வருடமே, 1961-இல், இங்கிலாந்தில் ஒரு நர்ஸுக்கு நுரையீரலில் ரத்தக்கட்டு வந்தது மருத்துவ இதழில் பதிவானது. 1960-களின் கடைசியில் பிரிட்டன் ஆய்வாளர்கள் தொடர்பை உறுதி செய்தார்கள். ஈஸ்ட்ரோஜன் அளவு கூடக் கூட ரத்தக்கட்டும் கூடுகிறது என்று கண்டதும் 50 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டாம் என்று அங்கே முடிவானது. 1970-இல் அமெரிக்க செனட்டில் இதைப் பற்றி விசாரணையே நடந்தது. மாத்திரை அட்டையோடு பக்கவிளைவுகளை எழுதிய தாள் வைக்க வேண்டும் என்ற விதி அங்கே அதிலிருந்துதான் பிறந்தது. அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தப் பொடி எழுத்துத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். பெண்கள் போராடி வாங்கியது அது.

அளவைக் குறைத்துவிட்டார்களே, பிறகும் ஏன் பிரச்சினை?

இரண்டு காரணம். முதலாவது எத்தினைல்எஸ்ட்ராடியால். இது 1938-இல் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது, இன்றும் உலகத்தின் பெரும்பாலான கருத்தடை மாத்திரைகளில் இருப்பது இதுதான். நம் உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் எஸ்ட்ராடியாலை வாயில் கொடுத்தால் கல்லீரல் சீக்கிரம் சிதைத்துவிடும். அப்படிச் சிதைக்க முடியாதபடி மூலக்கூறில் ஒரு கொக்கியை மாட்டிச் செய்ததுதான் எத்தினைல்எஸ்ட்ராடியால். கொக்கி மாட்டியதால் மருந்து நிலைத்தது, கல்லீரலிலும் போகாமல் உட்கார்ந்துகொண்டது. மைக்ரோகிராம் கணக்கில் கொடுத்தும் கல்லீரலை இவ்வளவு உசுப்புவதற்கு அதுதான் காரணம்.

இரண்டாவது, கூடச் சேர்க்கும் புரோஜெஸ்டோஜன், அதாவது உடம்பில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் மாதிரி வேலை செய்யும் ஹார்மோன். முகப்பரு வராது, வேண்டாத இடத்தில் முடி வளராது என்று சொல்லி 1980-களில் வந்த டெசோஜெஸ்ட்ரெல், ஜெஸ்டோடீன் மாத்திரைகளில், பழைய லெவோநார்ஜெஸ்ட்ரெல் மாத்திரைகளைவிட ரத்தக்கட்டு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 1995-இல் தெரிந்தது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் ஓரளவு ஆண் ஹார்மோன் குணம் உள்ளது. அது ஈஸ்ட்ரோஜனின் கல்லீரல் வேலையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். புதியவை அப்படிப் பிடிப்பதில்லை. புதியது, விலை கூடியது, அதனால் நல்லது என்று நினைப்பவர்களிடம் நான் எப்போதும் இதைச் சொல்வேன்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் மாத்திரையில் இருப்பது 30 மைக்ரோகிராம் எத்தினைல்எஸ்ட்ராடியாலும் 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெலும். ரத்தக்கட்டுக் கணக்கில் அது கடையில் பல நூறு ரூபாய்க்கு விற்கும் சில மாத்திரைகளைவிடத் தேவலாம்.

இயற்கை ஈஸ்ட்ரோஜனையே மாத்திரையாகக் கொடுக்கக் கூடாதா?

வெகுகாலமாக முயன்றார்கள். எஸ்ட்ராடியால் வைத்துச் செய்த கருத்தடை மாத்திரைகளில் கண்ட நேரத்தில் ரத்தப்போக்கு வந்தது. அதைச் சரிசெய்ய 2009 வரை ஆனது. அந்த ஆண்டு ஐரோப்பாவில் எஸ்ட்ராடியால் வாலரேட்டும் டயனோஜெஸ்ட்டும் சேர்ந்த மாத்திரை வந்தது, 2011-இல் எஸ்ட்ராடியாலும் நோமெஜெஸ்ட்ராலும் சேர்ந்தது வந்தது. முதலாவதைச் சுமார் 50,000 பெண்களிடமும் இரண்டாவதை 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடமும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டுமே லெவோநார்ஜெஸ்ட்ரெல் மாத்திரையைவிட மோசமில்லை, ஒருவேளை அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம் என்பதுதான் முடிவு. "ஆபத்தே இல்லை" என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை.

பிரான்சில் இருக்கும் அண்ணி எஸ்ட்ராடியால் ஜெல் அனுப்பியிருக்கிறார். மாத்திரையைவிட நல்லது என்கிறார். தடவலாமா?

புதுச்சேரியில் இந்தக் கேள்வி வராத மாதமில்லை. பிரான்ஸ் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய, அங்கிருந்து மருந்து வருவதும் சகஜம். அண்ணி சொல்வதில் விஷயம் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எஸ்ட்ராடியாலை ஜெல்லாகத் தோலில் தடவும் பழக்கம் பிரான்சில் வெகுகாலமாக உண்டு. அமெரிக்காவில் அதே காலத்தில் பெரும்பாலும் கொடுத்தது கர்ப்பமான குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை.

2002-இல் அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்று பாதியில் நிறுத்தப்பட்டது. 16,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருந்தார்கள். குதிரை ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோனும் எடுத்தவர்களில் 10,000 பேருக்கு வருடத்துக்கு 34 பேர் ரத்தக்கட்டுக்கு ஆளானார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 16 பேர். உலகம் முழுக்கப் பெண்கள் பயந்துபோய் ஹார்மோனை நிறுத்தினார்கள். மறு வருடமே பிரெஞ்சு ஆய்வாளர்கள் எஸ்தர் என்ற தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். வாய் வழி ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்கு ரத்தக்கட்டு ஆபத்து ஏறக்குறைய நான்கு மடங்கு. ஜெல்லோ, தோலில் ஒட்டும் பேட்ச்சோ எடுத்தவர்களுக்கு, எதுவுமே எடுக்காதவர்களுக்கு இருக்கும் அளவுதான். 2019-இல் பிரிட்டனில் ரத்தக்கட்டு வந்த சுமார் 80,000 பெண்களின் பதிவுகளை வைத்துப் பார்த்தபோதும் இதே வடிவம்தான் தெரிந்தது. தோல் வழியில் போகும் எஸ்ட்ராடியால் கல்லீரலை முதலில் சந்திப்பதில்லை. நேராகச் சுற்றோட்டத்தில் கலக்கிறது, அவ்வளவுதான் ரகசியம்.

நாற்பது ஆண்டு ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. புது மூலக்கூறு தேவைப்படவில்லை. உடம்பே சுரக்கும் ஹார்மோனை வேறு வாசல் வழியாக உள்ளே விட்டார்கள்.

ஆனால் தபாலில் வந்ததைத் தடவ ஆரம்பிக்காதீர்கள். கர்ப்பப்பை இருக்கும் பெண் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுத்தால் கர்ப்பப்பை உள்சுவர் தடித்து, புற்றுநோய் வரைக்கும் போகலாம். கூடவே புரோஜெஸ்டிரோன் வேண்டும். அதிலும் எது என்பது முக்கியம்: நுண்துகளாக்கிய இயற்கைப் புரோஜெஸ்டிரோன் ரத்தக்கட்டைக் கூட்டவில்லை என்று பிரெஞ்சு ஆய்வுகளில் தெரிந்தது, சில செயற்கைப் புரோஜெஸ்டோஜன்கள் கூட்டின. மார்பகப் பரிசோதனை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். ஜெல் இந்தியாவிலும் கிடைக்கிறது, மருத்துவர் சீட்டோடு வாங்கலாம். தடவிய இடம் காயும் முன் பேரப் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள், அவர்கள் தோலிலும் ஏறிவிடும்.

டாக்டர் எஸ்ட்ராடியால் வாலரேட் மாத்திரை எழுதினார். அதுவும் இயற்கைதானே, ஜெல் மாதிரிதானே?

ஹார்மோன் இயற்கைதான், வழி வேறு. வாயில் போட்டால் கல்லீரல் வழியாகத்தான் போகும். ஜெல்லுக்குக் கிடைத்த நல்ல முடிவை அதற்கு அப்படியே பொருத்தக் கூடாது. உங்களுக்கு எடை அதிகம், வெரிகோஸ் நரம்பு இருக்கிறது, அம்மாவுக்கு ரத்தக்கட்டு வந்தது என்றால், "தோல் வழியாக எடுக்கலாமா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

அப்படியென்றால் கருத்தடை பேட்ச், வளையம் இவையும் ரத்தக்கட்டு இல்லாதவையா?

இல்லை! பலரும் ஏமாறும் இடம் இது. வெளிநாடுகளில் விற்கும் அந்த பேட்ச்சிலும் வளையத்திலும் இருப்பது எத்தினைல்எஸ்ட்ராடியால். எந்த வாசலில் நுழைந்தாலும் அது ரத்தத்தில் சுற்றிக் கல்லீரலுக்கு வந்து, சிதையாமல் வேலையைக் காட்டும். ஐரோப்பியக் கணக்கில் அவற்றுக்கு 6 முதல் 12. வழி மாற்றினால் மட்டும் போதாது, மூலக்கூறும் சரியாக இருக்க வேண்டும்.

எஸ்டெட்ரால் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறதாமே?

வந்திருக்கிறது, பேசத் தகுந்தது. எஸ்டெட்ரால் என்பது கருவில் இருக்கும் குழந்தையின் கல்லீரல் தயாரிக்கும் ஈஸ்ட்ரோஜன். 1965-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் எகான் டிஸ்ஃபாலுசி குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். பலவீனமான ஹார்மோன் என்று நினைத்துப் பல ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு பெல்ஜியத்தின் மித்ரா நிறுவனம் இதை மருந்தாக வளர்த்தெடுத்தது. டிராஸ்பைரினோனோடு சேர்த்த கருத்தடை மாத்திரைக்கு 2021-இல் கனடா, அமெரிக்கா, ஐரோப்பா மூன்றிலும் அனுமதி கிடைத்தது.

கல்லீரலை இது எவ்வளவு குறைவாக உசுப்புகிறது என்பதை ஒரு புரதத்தை வைத்துப் பார்க்கலாம். பாலின ஹார்மோன்களைக் கட்டித் தூக்கிச் செல்லும் புரதம் அது. ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு அதன் ஏற்றம் ஓர் அடையாளம். எத்தினைல்எஸ்ட்ராடியாலும் டிராஸ்பைரினோனும் சேர்ந்த மாத்திரையில் அது சுமார் 250 சதவீதம் ஏறியது. எஸ்டெட்ராலும் அதே டிராஸ்பைரினோனும் சேர்ந்ததில் சுமார் 55 சதவீதம். கூடச் சேர்த்தது ஒன்றேதான், ஈஸ்ட்ரோஜன் மட்டும் மாறியது. எத்தனை பெரிய வித்தியாசம் பாருங்கள். புரோட்டீன் சி-யின் பிரேக் கெடுவதும் எஸ்டெட்ராலில் வெகு குறைவு.

அப்புறம் ஏன் "ரத்தக்கட்டு வராது" என்று அட்டையில் போடவில்லை?

போடக் கூடாது என்பதால்தான். பரிசோதனைக் கூட அளவுகள் நல்ல சகுனம், அவ்வளவே. நிஜமாகக் காலில் ரத்தம் கட்டுகிறதா என்பதைக் கணக்கெடுக்க வேண்டும் என்றால், 10,000 பேரில் ஏழெட்டுப் பேருக்கு வரும் ஒன்றை எண்ண வேண்டும். மருந்துக்கு அனுமதி வாங்கும் முன் நடக்கும் ஆய்வில் சில ஆயிரம் பெண்கள்தான் இருப்பார்கள். அதில் ஒருவருக்கு வந்தது, இருவருக்கு வந்தது என்பதை வைத்து எதுவும் முடிவு கட்ட முடியாது. பல்லாயிரம் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பிறகுதான் உறுதியாகச் சொல்லலாம். 1980-களில் வந்த மாத்திரைகளின் உண்மை 1995-இல்தான் வெளியே வந்தது என்பதை மேலே பார்த்தோம் இல்லையா? அதனால் எனக்கு எஸ்டெட்ரால் மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் யாராவது இப்போதே அதைப் பத்திரமானது என்று அடித்துச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வேறு என்னென்ன முயற்சி நடக்கிறது?

மூளையில் மட்டும் எஸ்ட்ராடியாலாக மாறும் ஒரு மூலக்கூறு எலிகளில் சோதிக்கப்பட்டது. உடல் சூடாகிக் கொதிப்பது, ஞாபக மறதி போன்ற தொல்லைகள் மூளையில் நடப்பவை. அங்கே மட்டும் ஹார்மோன் கிடைத்தால் கல்லீரலுக்கு வேலையே இல்லை. அழகான யோசனை, மனிதர்களுக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது.

ஆண்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிராஸ்டேட் புற்றுநோய்க்கு ஒரு காலத்தில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்தார்கள். புற்றுநோய் அடங்கியது, ஆனால் பலர் மாரடைப்பிலும் ரத்தக்கட்டிலும் போனார்கள். மருந்து கைவிடப்பட்டது. பிரிட்டனில் 2006 முதல் அதே நோய்க்கு எஸ்ட்ராடியால் பேட்ச் ஒட்டிப் பார்த்து வருகிறார்கள். 1,600-க்கும் மேற்பட்ட ஆண்களின் கணக்கு 2021-இல் வெளியானபோது, வழக்கமான ஊசி போட்டவர்களைவிட இதய, ரத்தநாளப் பிரச்சினை கூடவில்லை.

திருவந்திபுரத்தில் கல்யாணம், அந்தத் தேதியில் மாதவிடாய் வருகிறது. தள்ளிப்போட மாத்திரை எடுப்பது சும்மா ஐந்து நாள்தானே?

மாசி மகம், வீராம்பட்டினத்து ஆடித் தேர், முகூர்த்த மாதங்கள் வந்தால் இந்த மாத்திரை கடைகளில் வேகமாகப் போகும். இது நோரெத்திஸ்டிரோன் 5 மில்லிகிராம். வழக்கமாக ஒரு நாளைக்கு மூன்று. "இதில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது, பயமில்லை" என்று சொல்வார்கள். அட்டையில் கிடையாதுதான். ஆனால் நோரெத்திஸ்டிரோனில் ஒரு சிறு பங்கு உடம்புக்குள் எத்தினைல்எஸ்ட்ராடியாலாக மாறுகிறது. ஒரு நாளைக்கு 10 முதல் 20 மில்லிகிராம் எடுத்தால், 20 முதல் 30 மைக்ரோகிராம் எத்தினைல்எஸ்ட்ராடியால் உள்ள கருத்தடை மாத்திரையை எடுத்ததற்குச் சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆக, கருத்தடை மாத்திரை எடுக்கக் கூடாத பெண் இதையும் எடுக்கக் கூடாது.

ஆரோக்கியமான இளம்பெண் சில நாள் எடுத்தால் ஆபத்து மிகச் சிறியது. எனக்குக் கவலை தருவது வேறு. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. இருந்தும் அப்பாவோ சித்தப்பாவோ வந்து கேட்டு வாங்கிப் போகிறார்கள். யாருக்கு என்றே தெரிவதில்லை. அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே கால் வீக்கம் இருக்கிறதா, போன மாதம்தான் ஆபரேஷன் ஆனதா, கண் மங்கி ஒற்றைத் தலைவலி வருமா, வேறு ஹார்மோன் மாத்திரை எடுக்கிறாளா என்று கேட்க ஆள் நேரில் இருக்க வேண்டும். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னாலாவது மருத்துவரிடம் அவளே போகட்டும். ஆபத்துக் காரணங்கள் இருந்தால், இப்படி மாறாத மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் மாத்திரையை அவர் யோசிக்கலாம். எதுவும் ஆகாது என்றால், வீட்டுப் பெரியவர்கள் நாள் குறிக்கும் முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

சாயா மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் உண்டா?

கிடையாது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு முறையும் பிறகு வாரம் ஒரு முறையும் எடுக்கும் கருத்தடை மாத்திரையான சாயாவில் இருப்பது ஓர்மெலாக்ஸிஃபின், லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்தது. அது ஸ்டீராய்டு ஹார்மோனே இல்லை.

நான் திருநங்கை. கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி இரண்டு மூன்றாகச் சேர்த்து எடுக்கிறேன். மாற்றம் தெரிகிறது. தொடரலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் எல்லாவற்றிலும் இதை மிகவும் அழுத்திச் சொல்கிறேன். ரத்தக்கட்டுக்கு மிக மோசமான ஈஸ்ட்ரோஜன், மிக மோசமான வழி, அதையும் இரண்டு மூன்று மடங்காக எடுக்கிறீர்கள்.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் திருநங்கைகளுக்கு ஒரு காலத்தில் எத்தினைல்எஸ்ட்ராடியால்தான் கொடுத்தார்கள். ரத்தக்கட்டு பொது மக்களைவிட 20 மடங்கு இருந்தது என்று 1997-இல் எழுதினார்கள். வயதில் மூத்தவர்களுக்கு எஸ்ட்ராடியால் பேட்ச் கொடுக்கத் தொடங்கியதும் அது வெகுவாகக் குறைந்தது. இன்று முக்கியமான வழிகாட்டி நெறிகள் எதுவும் திருநங்கைகளுக்கு எத்தினைல்எஸ்ட்ராடியாலைப் பரிந்துரைப்பதில்லை. எஸ்ட்ராடியால்தான், ஆபத்து உள்ளவர்களுக்குத் தோல் வழியாக. கருத்தடை மாத்திரையில் இருக்கும் புரோஜெஸ்டோஜனால் நீங்கள் விரும்பும் மாற்றத்துக்குப் பெரிய உதவியும் இல்லை.

ஏன் கடையில் வாங்குகிறீர்கள் என்பதும் தெரியும். மருத்துவமனையில் எந்த வரிசையில் நிற்பது என்பதே ஒரு போராட்டம். குரு சொன்னது, சகோதரி சொன்னது என்று மருந்து கைமாறுகிறது. கூவாகத்துக்கு வருடா வருடம் சித்திரையில் அத்தனை பேர் கூடுகிறார்கள், அங்கே இந்தப் பேச்சு ஒருவர் மூலம் பத்துப் பேருக்குப் போனாலும் நல்லது. புதுச்சேரி ஜிப்மரில் நாளமில்லாச் சுரப்பியியல் பிரிவு இருக்கிறது. சென்னையிலும் மதுரையிலும் அரசு மருத்துவமனைகளில் திருநங்கைகளுக்கென்று சிகிச்சை உண்டு. இதுவரை என்ன எடுத்தீர்கள் என்பதை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள். புகை பிடித்தால், ஹார்மோனோடு அது சேர்வது இன்னும் கெடுதல்.

மரபணுப் பரிசோதனை செய்துவிட்டு மாத்திரை தொடங்கலாமா?

எல்லோருக்கும் தேவையில்லை. ஐரோப்பியர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இருக்கும் ஃபேக்டர் 5 லைடன் மாற்றம் நம் மக்களிடம் அரிது. பரிசோதனை "சரி" என்று வந்தாலும் ரத்தக்கட்டு வராது என்று அர்த்தமில்லை. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இளவயதில் ரத்தக்கட்டு வந்திருந்தால் விஷயம் வேறு. திரும்பத் திரும்பக் கர்ப்பம் கலைந்திருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள், ரத்தத்தை உறைய வைக்கும் ஒரு வகை எதிர்ப்பொருள் காரணமாக இருக்கலாம்.

எந்த அறிகுறிக்கு உடனே ஓட வேண்டும்?

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்து, சூடாக இருந்தால் அன்றே போங்கள். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து உருவிவிடக் கூடாது. திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். இதுவரை இல்லாத கடும் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, கை கால் இழுத்துக்கொள்வது எல்லாமும் அப்படித்தான். போன இடத்தில் "என்ன மாத்திரை எடுக்கிறீர்கள்?" என்று கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்று கருத்தடை மாத்திரையை மறைத்துவிட்டால், மருத்துவர் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார்.

ஒருமுறை ரத்தக்கட்டு வந்துவிட்டது. இனி ஈஸ்ட்ரோஜனே கூடாதா?

எத்தினைல்எஸ்ட்ராடியால் உள்ள கருத்தடை பொதுவாகக் கூடாது. காப்பர் டி எடுக்கலாம். மாதவிடாய் நின்றபின் வரும் பிறப்புறுப்பு வறட்சிக்கு, அந்த இடத்தில் மட்டும் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் ரத்தக்கட்டைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. உடல் கொதிப்புக்கு ஈஸ்ட்ரோஜனே இல்லாத ஃபெசோலினெடன்ட் என்ற மாத்திரை 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்குக் கல்லீரல் பரிசோதனை வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது ஹார்மோனைத் தொடரலாமா என்பதை ரத்தவியல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். நீங்களாக நிறுத்துவதும் தொடர்வதும் வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோவது?

இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டையும். பெயர் தெரியும் பக்கத்தைக் கிழிக்காமல். நாட்டு மருந்து எடுத்தால் அதுவும். குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் ரத்தக்கட்டோ பக்கவாதமோ வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரியம்மா, அத்தை பக்கமும் விசாரித்துவிட்டுப் போங்கள். "கால் வீங்கி இருந்தாள், ஒரு நாள் திடீரென்று போய்விட்டாள்" என்று மட்டும் சொல்லப்படும் பழைய சாவுகளையும் சேர்த்து எழுதுங்கள்.